பாடு: திரையில் வராத சொல்

மீனவர் படம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ‘படகோட்டி’. 1964இல் வண்ணத்தில் வந்தது. வாலியின் பாடல்கள், விஸ்வநாதன் - ராமமூர்த்தியின் இசை. இரண்டு மீனவர் கூட்டங்களுக்குள் பகை. அதை ஊதிவிட்டுப் பிழைப்பவர் நம்பியார். அவர் வீழ்ந்தால் கூட்டங்கள் ஒன்றுசேரும்.

தோழர்களே, பசியாவரத்தைச் சுற்றியுள்ள பழவேற்காடு ஏரியில் பகையை மூட்ட வெளியிலிருந்து நம்பியார் வரத் தேவையில்லை. அங்கே தண்ணீருக்கே ஒரு சட்டம் உண்டு. பேர் பாடு.

இறால் அதிகம் விழுகிற, முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று குலுக்கிப்போட்டு முறைவைக்கும் ஏற்பாடு அது. பொதுவளத்தைச் சண்டையில்லாமல் பகிரும் முறை என்று ஆய்வாளர்கள் பாராட்டுகிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது சமம்தான். உள்ளே வர, பரம்பரை உரிமையுள்ள குப்பத்தில் பட்டினவர் ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். தலித்துகள் வெளியே. இருளர்கள் வெளியே. பெண்கள் எந்தச் சாதியானாலும் வெளியே. இறாலுக்கு ஏற்றுமதி விலை ஏறிய பிறகு மற்றவர்களும் பங்கு கேட்டார்கள், மோதல்கள் வந்தன.

இருளர் பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். மீனவர் வாழ்வைச் சொன்ன நம் பெரிய படங்களில் இந்தக் காட்சியை நாம் பார்த்ததில்லை.

தகழி 1956இல் எழுதிய ‘செம்மீன்’ நாவலில், தோணி வாங்கும் உரிமை எந்தப் பிரிவுக்கு உண்டு என்ற கேள்வியே செம்பன்குஞ்ஞுவின் தலைவலி. 1965இல் ராமு காரியத் எடுத்த படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றது. ஆனால் மக்கள் மனதில் நின்றது காதலும் கடலம்மையின் கோபமும்தான்! தமிழில் ‘மீனவ நண்பன்’ (1977) முதல் ‘நீர்ப்பறவை’ (2012) வரை வறுமை வந்தது, கந்துவட்டி வந்தது, எல்லை தாண்டிய துப்பாக்கிச் சூடும் வந்தது. மீனவர் மட்டும் பிரிவில்லாத ஒரே திரளாகவே வந்தார்.

பட்டினவர்களை எதிரியாக்குவது நம் வேலையல்ல. அவர்களும் ஒடுக்கப்பட்டவர்களே, காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் அவர்கள் வலையையும்தான் அறுக்கும். அந்தப் போராட்டத்தில் சேர்ந்தே நிற்கிறோம். ஆனால் அந்த மேடையில் பாட்டைப் பற்றிப் பேசினால், ‘இப்போது ஒற்றுமைதான் முக்கியம்’ என்கிறார்கள். ‘படகோட்டி’யின் கடைசிக் காட்சி அது.

பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) ஒரு சுவரைக் காட்டி வடசென்னையின் அரசியலைச் சொன்னது. ஏரியில் சுவர் கிடையாது, வலை கட்டும் கழிகள்தான். சினிமா படிக்கும் நம் தம்பி தங்கைகள் படகில் ஏறும்போது, அந்தக் கழிகள் யாருடையவை என்று படகுக்காரரிடம் கேளுங்கள்.