640 ஒளியாண்டுக்கு அப்பால் இரும்பு மழையா? தரையில் இருந்தபடியே கிரகத்தின் காற்றை ஆராய்வது எப்படி?

'இரும்பு மழை பெய்யும் கிரகம்' என்ற செய்தியை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். 2020 மார்ச்சில் உலகம் முழுக்கச் சுற்றிய செய்தி அது. கிரகத்தின் பெயர் வாஸ்ப்-76பி. மீனம் விண்மீன் கூட்டத்தின் திசையில், சுமார் 640 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.

உண்மையில் அந்த மழையை யாரும் பார்க்கவில்லை, கிரகத்தையும் யாரும் படம் எடுக்கவில்லை. விஞ்ஞானிகள் பார்த்தது ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தை மட்டும்தான். அதுவும் சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில், தரையில் நிற்கும் தொலைநோக்கி வழியாக.

அப்படியென்றால் இரும்பு எங்கிருந்து வந்தது?

நட்சத்திரம் லேசாக மங்கும் நேரம்

ஒரு கிரகம் தன் நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே கடந்து போவதை 'டிரான்சிட்' என்கிறார்கள். அப்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் கொஞ்சம் குறையும். 1999-ல் இப்படி முதன்முதலாகச் சிக்கிய கிரகம் எச்டி 209458பி. மூன்றரை நாளுக்கு ஒருமுறை, சுமார் 3 மணி நேரம், நட்சத்திரத்தின் ஒளியில் ஒன்றரை சதவீதத்தை அது மறைக்கிறது.

அந்த நேரத்தில் நட்சத்திர ஒளியில் மிகச் சிறிய பங்கு, கிரகத்தின் ஓரத்தில் இருக்கும் காற்றைத் துளைத்துக்கொண்டு வருகிறது. சந்திர கிரகணத்தில் நிலா செக்கச்செவேலென்று மாறுகிறதே, அதுவும் இதே கதைதான். பூமியின் காற்றில் வடிகட்டப்பட்ட சூரிய ஒளி நிலா மீது விழுகிறது. 2008 ஆகஸ்டில் நடந்த சந்திர கிரகணத்தின்போது, ஸ்பெயினின் லா பால்மா தீவில் இருந்து அந்தச் சிவப்பு ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். பூமியின் ஆக்சிஜன், நீராவி, மீத்தேன் எல்லாம் அதில் பதிவாகியிருந்தன.

ஒவ்வொரு வாயுவும் குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் விழுங்கும். ஒளியை நிறமாலையாக விரித்தால் அந்த இடங்களில் கறுப்புக் கோடுகள் விழும். அந்தக் கோடுகள்தான் கைரேகை.

நம்ம காற்றுதான் முதல் தடை

தரையில் இருந்து பார்ப்பதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தேடுவது அங்கே இருக்கும் நீராவியை. ஆனால் தொலைநோக்கிக்கு மேலேயே பூமியின் நீராவி இருக்கிறது! இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

வேகத்தை வைத்துத்தான். ரயில் நெருங்கும்போது ஹாரன் சத்தம் கூர்மையாகவும், விலகும்போது தடித்தும் கேட்குமே, ஒளியிலும் அதுபோல நடக்கும். டிரான்சிட் தொடங்கும்போது கிரகம் நம்மை நோக்கியும், முடியும்போது விலகியும் நகர்கிறது. அதனால் அதன் கோடுகள் நிறமாலையில் மெல்ல மெல்ல இடம் மாறும். பூமிக் காற்றின் கோடுகள் அசையாமல் அப்படியே நிற்கும். நிற்பதைக் கழித்துவிட்டு நகர்வதை மட்டும் கணினியில் சேர்த்தெடுத்தால் வேலை முடிந்தது.

2010-ல் நெதர்லாந்து விஞ்ஞானி இக்னாஸ் ஸ்னெல்லன் குழு இப்படித்தான் எச்டி 209458பி-யில் கார்பன் மோனாக்சைடைப் பிடித்தது. அங்கே நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவதற்கான அறிகுறியும் கிடைத்தது.

இதற்கு நிறமாலை மிக நுணுக்கமாகப் பிரிய வேண்டும். சிலியின் பரனால் மலையில் உள்ள எஸ்பிரெஸ்ஸோ கருவியின் பிரிதிறன் சுமார் 1,40,000. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் நிறமாலைக் கருவிகளில் அதிகபட்சமே சில ஆயிரம்தான். அதற்காக வெப் மட்டம் என்று அர்த்தமில்லை. நம் காற்று மறைத்துவிடும் அகச்சிவப்புப் பகுதிகளை வெப் சுலபமாகப் பார்க்கும். மேகம், பகல் என்ற தொல்லையும் அதற்குக் கிடையாது.

மழை என்பது ஊகம்

வாஸ்ப்-76பி தன் நட்சத்திரத்துக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டும் கிரகம். பகல் பக்கத்தில் வெப்பம் 2,400 டிகிரி செல்சியஸுக்கும் மேல். இரும்பே ஆவியாகிவிடும் சூடு. ஜெனீவா பல்கலைக்கழகத்தின் டேவிட் எரென்ரைக் தலைமையிலான குழு எஸ்பிரெஸ்ஸோவில் 2 டிரான்சிட்களைப் பதிவு செய்தது. பகலில் இருந்து இரவுக்குக் காற்று போகும் மாலை விளிம்பில் இரும்பு ஆவி இருந்தது. இரவில் இருந்து காற்று திரும்பும் காலை விளிம்பில் அது காணோம். அப்படியானால் இரவுப் பக்கத்தில் குளிர்ந்து மழையாகக் கொட்டியிருக்க வேண்டும் என்பது அவர்களின் விளக்கம்.

பின்னால் வந்த கணினி மாதிரிகள் வேறு சாத்தியங்களையும் சொல்கின்றன. இரு விளிம்புகளுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசமோ, மேகங்களோ கூட இப்படி ஒரு தடயத்தைத் தரலாம். ஆக, இரும்பு ஆவி உறுதி. மழை இன்னும் விவாதத்தில்தான்.

சோடியம் கதையும் இப்படியே. 2002-ல் ஹபிள் தரவை வைத்து எச்டி 209458பி-யில் சோடியம் இருப்பதாக அறிவித்தார்கள். சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கிரகத்தின் காற்று பற்றிய முதல் கண்டுபிடிப்பு என்று பாடப்புத்தக அளவுக்குப் பேசப்பட்டது. 2020, 2021-ல் தரைத் தொலைநோக்கிகளில் நுணுக்கமாகப் பார்த்த குழு ஒன்று, அந்தக் கிரகத்தின் சோடியத் தடயமே தெரியவில்லை என்றது. நட்சத்திரம் சுழல்கிறது, அதன் ஒரு பாதி நம்மை நோக்கியும் மறு பாதி விலகியும் நகரும். கிரகம் இந்தப் பகுதிகளை ஒவ்வொன்றாக மறைக்கும்போது, காற்றே இல்லாவிட்டாலும் சோடியம் போலத் தெரியும் போலித் தடயம் உருவாகும். இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

ஆக்சிஜன் கிடைக்குமா?

பரனாலுக்குப் பக்கத்திலேயே அர்மசோனஸ் மலையில், 39 மீட்டர் கண்ணாடியுடன் ஈஎல்டி என்ற ராட்சதத் தொலைநோக்கி எழும்பிக்கொண்டிருக்கிறது. இப்போதுள்ள பரனால் கண்ணாடி ஒவ்வொன்றும் 8.2 மீட்டர்தான். சிறிய சிவப்பு நட்சத்திரங்களைச் சுற்றும் பூமி போன்ற கிரகத்தில் ஆக்சிஜனைத் தேட ஈஎல்டியால் முடியும் என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் ஒரு டிரான்சிட் போதாது, சில டஜன் வேண்டும். ஒவ்வொன்றும் சிலியில் இரவாக இருக்கும்போது, நட்சத்திரம் உச்சத்தில் இருக்கும்போது, வானம் தெளிவாக இருக்கும்போது நடக்க வேண்டும். இத்தனையும் கூடி வர ஒரே ஒரு கிரகத்துக்கே பல ஆண்டுகள் ஆகும்.