உவா மலைச்சாரலில் சிதறிக் கிடக்கும் விளையாட்டு வரலாறு

பழைய விளையாட்டுப் பொருள்களைத் தேடிச் சேர்ப்பது இன்று பெரும் பணம் புழங்கும் துறையாகிவிட்டது. மகேந்திர சிங் தோனி 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஆடிய மட்டை அதே ஆண்டு இலண்டனில் ஒரு இலட்சம் பவுணுக்கு ஏலம் போயிற்று. ஷேன் வோர்னின் பச்சைத் தொப்பி 2020இல் பத்து இலட்சம் அவுஸ்திரேலிய டொலரைத் தாண்டியது. அமெரிக்க பேஸ்போல் வீரர் பேப் ரூத் 1932இல் அணிந்த சட்டைக்கு 2024இல் கிடைத்த விலை 2 கோடியே 41 இலட்சம் டொலர். இந்தக் கணக்குகளைப் படிக்கும் நம்மவர் பலர், இது செல்வந்தர் வீட்டு விவகாரம், மலைநாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கொழும்பிலிருந்து பலாங்கொடை வழியாகப் பதுளைக்குச் செல்லும் வீதியில், மலையேற்றம் கடுமையாகும் இடத்தில் அமைந்திருக்கிறது ஹல்துமுல்லை. மேலே அப்புத்தளை, அதற்கப்பால் தியத்தலாவை. 1894இல் புகையிரதப் பாதை பண்டாரவளையை எட்டியபோது இந்த மலைத்தொடர் வெளியுலகோடு நெருங்கி வந்தது. அடுத்த ஆறாண்டுகளில், யாரும் எதிர்பாராத விருந்தாளிகள் அதே வழியில் வந்து சேர்ந்தனர். தென்னாபிரிக்கப் போரில் (1899–1902) ஆங்கிலேயரிடம் பிடிபட்ட போயர் கைதிகளே அவர்கள். 1900 ஓகஸ்டில் முதலாவது தொகுதி இலங்கையில் வந்திறங்கியது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் இத்தீவில் வைக்கப்பட்டனர். அவர்களுக்கான தலைமை முகாம் தியத்தலாவையில் அமைந்தது.

தகரக் கொட்டகைகளில் காலத்தைக் கழிக்க வேண்டியிருந்த அம்மனிதர்கள் விளையாட்டில் இறங்கினர். துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் முகாமுக்குள் நடந்தன. 1901 ஜூலையில் பி. எச். டி வில்லியர்ஸ் என்பவரின் தலைமையில் கைதிகளின் துடுப்பாட்ட அணியொன்று கொழும்புக்குச் சென்று கோல்ட்ஸ் கழகத்துடன் மோதியது. போயர் அணி தோற்றது. ஆயினும், போர் முடிவதற்குள்ளேயே, பிடித்தவர்களின் விளையாட்டைப் பிடிபட்டவர்கள் ஆடக் காவலுடன் மலையிறங்கி வந்த அந்த நிகழ்வு, துடுப்பாட்ட வரலாற்றில் தனியிடம் பெற்றது.

அம்முகாமின் எச்சங்கள் இன்று உலகெங்கும் சேகரிப்போரின் கைகளில் உள்ளன. கைதிகள் மரத்திலும் எலும்பிலும் செதுக்கிய சிறுபெட்டிகள், கைத்தடிகள், தணிக்கை முத்திரை பதித்த கடித உறைகள், முகாமைக் காட்டும் அஞ்சலட்டைகள் ஆகியன அவற்றுள் அடங்கும். அண்மையில் என் கைக்கு வந்ததும் அத்தகைய அட்டையொன்றே: மலையடிவாரத்தில் தகரக் கொட்டகைகள் நீண்டு செல்லும் காட்சி. பின்புறத்தில் முகவரிக்கு மட்டுமே இடம். செய்தி எழுதத் தனிப்பகுதி இல்லை. முகவரிப் பக்கத்தைப் பிரித்துச் செய்தியும் எழுதும் முறையைப் பிரித்தானியா 1902இலேயே அனுமதித்தது. ஏனைய நாடுகள் பின்னர் அதனைப் பின்பற்றின. ஆகவே இது அந்த மாற்றத்துக்கு முந்திய அச்சு என்று கொள்ளலாம். ஒரு பொருளின் காலத்தைக் கணிக்க இத்தகைய சிறு அடையாளங்களே உதவுகின்றன.

இனி மற்றொரு கண்டெடுப்பு. போயர்கள் ஓரிரு ஆண்டுகளில் தாயகம் திரும்பினர். தலைமுறை தலைமுறையாக அதே மலைகளில் கொழுந்து பறித்த நம் மக்களின் விளையாட்டுச் சுவடுகள் எங்கே? இக்கேள்வியோடு தேடியபோது, நீலகிரியில் வாழும் ஒரு குடும்பத்தாரிடமிருந்து ஒரு புகைப்படம் கிடைத்தது. உவாவிலுள்ள ஒரு தோட்டத்தின் உதைபந்தாட்ட அணி. பதினொரு இளைஞர், பெரும்பாலோர் வெறுங்காலுடன். நடுவில் வார் பூட்டிய தோற்பந்து. அதன்மேல் சுண்ணாம்பினால் 1958 என்று எழுதியிருக்கிறது. பின்புறம் வெறுமை. பதினொருவரில் இருவரின் பெயர் மட்டும் அக்குடும்பத்தாருக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் படம் நீலகிரிக்குச் சென்ற கதை நம் வரலாற்றின் கதையே. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட குடும்பங்கள் தகரப் பெட்டிகளுடன் தலைமன்னாருக்கு இரயிலேறி, இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கின. வந்தோருள் ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். ஒரே அணியில் ஆடியவர்கள் இரு நாட்டவராயினர். அதனால்தான் படம் ஒரு கரையிலும் பெயர்கள் மறு கரையிலும் கிடக்கின்றன.

இலங்கையில் எஞ்சியவற்றை மலையே விழுங்கிய சோகமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயன் வரிசைகளை மூடியது. போன உயிர்களுக்கு முன் வேறெதையும் இழப்பென்று சொல்ல நாக்கூசும். எனினும், ஒரு லயன் அறை புதையும்போது பிறப்புச் சான்றிதழோடு சுவரில் மாட்டிய குழுப்படமும் பரணிலிருந்த பரிசுக் கோப்பையும் சேர்ந்தே புதைகின்றன. துரைமார் கழகங்களின் வெள்ளிக் கிண்ணங்களுக்குக் கண்ணாடிப் பேழை இருந்தது. தொழிலாளியின் பித்தளைக் கோப்பைக்கு இருந்ததெல்லாம் அந்தப் பரண்தான்.

மலையகத்துக்கு விளையாட்டுப் பெருமை இல்லாமலில்லை. தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரின் பேரனான முத்தையா முரளிதரன், 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். அவருடைய பந்தையும் சட்டையையும் உலகம் பாதுகாக்கும். பெயரற்ற அந்தப் பதினொருவரை நாம்தான் பாதுகாக்க வேண்டும்.

உலகெங்கும் பரந்திருக்கும் வாசகர்களிடம் எனது வேண்டுகோள் எளியது. உங்கள் வீட்டில் தோட்டத்து அணியின் படமோ, கோப்பையோ, பரிசுச் சான்றிதழோ இருந்தால், முதலில் வீட்டிலுள்ள முதியவரிடம் காட்டிப் பெயர்களைக் கேளுங்கள். படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைக் குறியுங்கள். பேனா மை நாளடைவில் ஊறி முன்புறத்தைக் கெடுக்கும். பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிடாதீர்கள். கோப்பையின் கறுப்பைத் தேய்த்துப் போக்கினால் பொறித்த எழுத்தும் தேய்ந்துபோகும். விற்பதாயின், அதற்கு முன் ஒரு பிரதியேனும் எடுத்து வையுங்கள்.

1958இல் இருபது வயதில் அந்தப் பந்தை உதைத்தவருக்கு இன்று எண்பத்தைந்தைக் கடந்திருக்கும். பெயர் சொல்லக் கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். மற்ற ஒன்பது பெயர்களை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.