ஆனைமலையில் மரம் உருட்டிய கருவிகள்

மரத்தை வெட்டுதல் எளிது. வெட்டிய மரத்தை இடம் பெயர்த்தல் அரிது. காட்டுத் தொழிலின் வரலாற்றைப் பேசுவோர் கோடரியையும் இரம்பத்தையும் நினைவுகூர்கின்றனர். ஆயினும், ஒரு காட்டிலிருந்து எவ்வளவு மரம் வெளியேறலாம் என்பதை வரையறுத்தவை, வீழ்ந்த மரத்தைப் புரட்டவும் உருட்டவும் இழுக்கவும் பயன்பட்ட எளிய கருவிகளே ஆகும். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே எழுந்து, பறம்பிக்குளத்தைத் தன்னகத்தே கொண்டு, இடுக்கி மாவட்டத்து மறையூர்ப் பக்கம் வரை பரந்து கிடக்கும் ஆனைமலைத் தொடரில் இவ்வுண்மையைத் தெளிவாகக் காணலாம்.

முதலில் சுமையின் அளவை அறிந்துகொள்வோம். 20 அடி நீளமும் நடுவில் 6 அடிச் சுற்றளவும் உடைய தேக்குக் கட்டை ஒன்று, நன்கு உலர்ந்த நிலையிலும் ஏறத்தாழ 1,000 கிலோ எடை இருக்கும். பச்சை மரமாயின் எடை இன்னும் மிகுதி, நீரிலும் மிதவாது. ஆதலின், அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதனை அடுத்த வெளிமரத்தையும் வளையமாகச் செதுக்கி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் உலரவிட்டு, அதன்பின் வெட்டும் வழக்கம் தேக்குக் காடுகளில் இருந்தது.

இத்தகைய கட்டையைத் தூக்க இருபது ஆட்களேனும் வேண்டும். உருட்டுவதற்கோ நால்வர் போதும். ஆறடிக் கடப்பாரையின் முனையிலிருந்து அரையடி தள்ளி ஒரு கல்லை முட்டாக வைத்தால், மறுபுறம் ஐந்தரை அடி எஞ்சும். ஒருவர் 30 கிலோ அளவுக்கு அழுத்தினால், முனையில் 330 கிலோ அளவுக்கு விசை கிட்டும். இதற்கு விலையும் உண்டு: கை 11 அங்குலம் தாழ்ந்தால் மரம் 1 அங்குலமே எழும். அந்த ஓர் அங்குலம் எழுந்த கணமே மற்றொருவர் முட்டுக்கட்டையைச் செருகிவிட வேண்டும். இன்றேல் பட்ட பாடு வீணாகும். நம் ஊர்த் தேரோட்டத்தில் உலுக்குமரம் போட்டுச் சக்கரத்தைக் கிளப்புவதும், முட்டுக்கட்டை கொடுத்து அதன் வேகத்தை அடக்குவதும் இதே கணக்கினால் அன்றோ?

கருவி எளியதேயாயினும் அதனைச் செய்வது எளிதன்று. கொல்லர் கடப்பாரையின் முனையைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்ச்சல் கொடுப்பார். தோய்ச்சல் மிகுந்தால் முனை ஒடியும், குறைந்தால் வளையும். மரத்தைக் கவ்விப் புரட்டும் கொக்கிக்கும் இவ்வாறே ஒரு பக்குவம் உண்டு. வளைவு குறுகினால் பெரிய கட்டையைப் பற்றாது. விரிந்தால் சிறிய கட்டையில் நழுவும். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஜோசப் பீவி என்னும் கொல்லர் 1857–58 அளவில் இக்கொக்கியைத் திருத்தி அமைத்தார். அதுவரை பிடியில் இங்குமங்கும் ஆடிக்கொண்டிருந்த கொக்கியை, மேலும் கீழும் மட்டும் அசையுமாறு பட்டையிட்டுப் பொருத்தினார்; பிடியின் நுனியில் ஒரு கூர்முனையும் வைத்தார். அக்கருவி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அதே காலத்தில் ஆனைமலையிலும் மரத்தொழில் பெருகிக்கொண்டிருந்தது. பம்பாய்க் கப்பல் துறைக்குத் தேக்கு தேவைப்பட்டதால், 1848இல் மைக்கேல் என்னும் படை அதிகாரி இக்காடுகளில் வேலையைத் தொடங்கினார். 1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக அமர்ந்த கிளெக்ஹார்னும் இங்கு வந்து பார்வையிட்டார். மலையுச்சியிலிருந்து கட்டைகளைச் சரிவில் சறுக்கவிட்ட இடமே 'டாப்ஸ்லிப்' என்று பெயர்பெற்றது.

சரிவில் வேலையின் இயல்பே மாறிவிடுகிறது. சமதரையில் மரம் நகர மறுக்கும். சரிவில் நிற்க மறுக்கும். அங்கே நெம்புகோலைவிட முட்டுக்கட்டையும் வடமுமே உயிர் காப்பவை. உருளும் கட்டைக்குக் கீழ்ப்புறம் எவரும் நிற்றலாகாது என்பது இத்தொழிலின் முதல் விதி. அதனை மறந்தவர்க்கு இரண்டாம் பாடம் கிடைப்பதரிது.

உருட்ட இயலாத இடத்தில் யானை இழுத்தது. கட்டையின் முனையில் துளையிட்டு வடம் பூட்டி, அவ்வடத்தை யானை பல்லால் கவ்வி இழுப்பது கேரளத்து முறை. சுமை திடீரென உருண்டால் வாயைத் திறந்து வடத்தை விட்டுவிடலாம். சங்கிலியால் உடலோடு பிணைத்திருந்தால் யானையும் உடன் உருளும். வண்டியில் ஏற்றுவதற்கோ வேறொரு முறை உண்டு. 12 அடிச் சாய்வுக் கட்டைகளை 3 அடி உயரத்தில் சார்த்தி, வடத்தின் ஒரு நுனியை மேலே கட்டி, மரத்தின் அடியாகச் சுற்றி மறுநுனியை மேலிருந்து இழுப்பார்கள். சாய்வினால் சுமை நாலில் ஒன்றாகிறது. வடத்தின் மடிப்பினால் அதுவும் பாதியாகிறது. ஐந்து பேர் ஒரே குரலில் 'ஐலசா' என்று இழுத்தால் 1,000 கிலோ மேலேறிவிடும்.

இவ்வாறு கைக்கும் யானைக்கும் எட்டிய அளவே காட்டின் இழப்புக்கு எல்லையாக இருந்தது. பள்ளத்தாக்கின் மறுபுறம் நின்ற மரம், கருவி எட்டாமையால் தப்பியது. கொச்சி அரசு பறம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை அமைத்த வன டிராம்வே 1907 அளவில் ஓடத் தொடங்கியபோது, அவ்வெல்லை விரிந்தது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையின் செங்குத்தான பகுதிகளில், இறங்கும் சுமைவண்டியின் எடையே வெறும் வண்டியை மேலே இழுத்தது. ஆயினும், வெட்டிய இடத்திலிருந்து தண்டவாளம் வரை மரத்தைக் கொணர்ந்தவை பழைய கடப்பாரையும் வடமும் யானையுமே. நாடு விடுதலை பெற்றபின் அப்பாதை மூடப்பட்டது. பறம்பிக்குளம் 2010இல் புலிகள் காப்பகமாயிற்று. 6 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுடன் அங்கே நிற்கும் கன்னிமாராத் தேக்கு, முன்னாளில் அக்காடு எத்தகையது என்பதைக் காட்டுகிறது.

வெட்டிய இடங்களில் மீண்டும் தேக்கு வளர்க்கப் பாடுபட்டு 1933இல் மறைந்த வன அதிகாரி ஹியூகோ உட்டின் கல்லறை, டாப்ஸ்லிப்புக்கு அருகில் பேணப்படுகிறது. அது தகுதியான மதிப்பே. ஆனால் யானை நடத்திய மலசர்களின் பெயரோ, வடம் பிடித்தவர்களின் பெயரோ எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் வழியினர் இன்றும் கோழிகமுத்தி முகாமில் யானைகளைப் பேணி வருகின்றனர். மரத்தின் எடையைக் கண்ணாலேயே மதிப்பிடவும், அது எப்பக்கம் சாயும் என்று முன்னறியவும் வல்ல முதியவர்களிடம் கேட்டு, அவ்வறிவையும் கருவிகளின் பெயர்களையும் எழுதி வைப்பது நம் கடமை. இரும்பு துருப்பிடித்தாலும் புதிதாய் அடித்துக்கொள்ளலாம். கைப்பழக்கம் மறைந்தால் அதனை வார்த்துத்தரும் உலை எங்கும் இல்லை.