ஏ113: ஒரு வகுப்பறையும் ஒரு வீட்டுக் கணினியும்

'டோய் ஸ்டோரி' படத்தை நாங்கள் எத்தனை தரம் பாத்திருப்பம்! ஆனா சிறுவன் அன்டியின்ர அம்மா ஓடுற வானின்ர இலக்கத் தகட்டைக் கவனிச்சிருக்கிறமா? அதில் ஏ113 என்று இருக்கும். 2008இல் வந்த 'வால்-ஈ'யில், பூமிக்குத் திரும்பக்கூடாது என்று கப்பலுக்குக் கொடுக்கப்பட்ட இரகசியக் கட்டளையின் பெயரும் அதுதான்.

உண்மையில் அது கலிபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கலைக் கல்லூரியில் உள்ள ஒரு வகுப்பறையின் இலக்கம். ஜோன் லாசெற்றர், பிராட் பேர்ட் போன்ற இயக்குநர்கள் அனிமேஷன் படித்த அறை. தாங்கள் எங்கயிருந்து வந்தம் எண்டதைத்தான் படத்துக்குப் படம் ஒளிச்சு வைக்கினம்.

ஆனால் எல்லா நன்றியும் இப்படித் திரையில் ஏறுவதில்லை. 1998இல், 'டோய் ஸ்டோரி 2' தயாரிப்பின்போது தவறுதலாகக் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் அழியத் தொடங்கின. காப்புப் பிரதியும் கைவிட்டிட்டுது. தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த கேலின் சஸ்மன், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தும் வேலை செய்துவந்தார். அவரின்ர வீட்டுக் கணினியில ஒரு பிரதி இருந்தது! அந்தக் கணினியைப் போர்வையால சுத்தி, காரில பக்குவமாக் கொண்டுபோய்ச் சேர்த்தினம். பிறகு கதையைப் பெருமளவு திருத்தி, 1999இல் படம் வெளியானது.

2023இல் பிக்சார் 75 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. அதில் சஸ்மனும் ஒருவர்.

அடுத்த முறை ஏ113ஐக் கண்டால் சந்தோசப்படுவம். அப்பிடியே, படம் முடிய ஓடுற பெயர்களையும் எழும்பாமல் இருந்து வாசிப்பம்.