முனைவர் ஆய்வின் கதவை எங்கே அடைத்தார்கள்?

தகுதி, திறமை என்று நம்மிடம் பாடம் நடத்துகிறவர்களுக்கு நாம் சொல்லும் பெயர் பெர்சி ஜூலியன். 1899-இல் அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்த கறுப்பின வேதியியலாளர். அடிமையாக வாழ்ந்தவரின் பேரன். இந்தியானாவிலுள்ள டிபாவ் பல்கலைக்கழகத்தில், ஊரில் கிடைக்காத உயர்நிலைப் பள்ளிப் பாடங்களையும் சேர்த்துப் படித்து, 1920-இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். 1923-இல் ஹார்வர்டில் முதுகலை முடித்தார்.

கதவை அடைத்தது அதற்குப் பிறகுதான். வேதியியல் மேற்படிப்பு, வீட்டில் புத்தகத்தை வைத்துப் படித்துவிடும் படிப்பல்ல. ஆய்வகம் வேண்டும், வேதிப்பொருள் வேண்டும், வழிகாட்டி வேண்டும், அத்தனை ஆண்டும் சாப்பிட வருமானம் வேண்டும். அங்கே இளநிலை மாணவர்களுக்குக் கற்பிக்கும் உதவியாளர் வேலைதான் ஆய்வு மாணவருக்குச் சோறு போடும். கறுப்பரிடம் படிப்பதை வெள்ளை மாணவர்கள் விரும்பமாட்டார்கள் என்று ஜூலியனுக்கு அதை மறுத்தார்கள். சேர்க்கையில் இல்லாத தீண்டாமை சம்பளத்தில் இருந்தது! உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் ஆய்வை நிறுத்திய நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முனைவர் பட்டம் வாங்க அவர் வியன்னா போகவேண்டியிருந்தது, 1931-இல் வாங்கினார். 1935-இல் டிபாவ் ஆய்வகத்தில், வியன்னா நண்பர் யோசப் பிக்லோடு சேர்ந்து, கண் அழுத்த நோய்க்கான பைசாஸ்டிக்மின் மருந்தைச் செயற்கையாக உருவாக்கினார். ஆக்ஸ்போர்டின் ராபர்ட் ராபின்சன் அதே போட்டியில் இருந்தார்; அவர் வழி தவறென்று ஜூலியன் காட்டினார். அப்போதும் டிபாவ் அவரைப் பேராசிரியராக்கவில்லை. 1936-இல் ஒரு பெயின்ட் நிறுவனம் வேலை கொடுத்தது. சோயாவிலிருந்து ஹார்மோன்களைப் பெருமளவில் தயாரிக்கும் வழியை அங்கே இருந்துதான் கண்டார்.