மண்ணுக்குள் போனவர்களின் கதை



பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறார். அவருடைய பையன் யூடியூப்பில் மிஸ்டர் பீஸ்ட் என்ற அமெரிக்கர் 7 நாள் மண்ணுக்கடியில் சவப்பெட்டியில் படுத்திருக்கும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறானாம். "இது நிஜமா சார்? இதெல்லாம் புதுசா வந்ததா?" என்று கேட்டார். நிஜம்தான், 2023-இல் வந்த வீடியோ. ஆனால் புதுசு இல்லை. பதில் நீண்டுவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. சித்தர்களின் ஜீவசமாதி வேறு. அது திரும்பி வருவதற்காகச் செய்வதல்ல, வேடிக்கை காட்டவும் அல்ல. நான் சொல்லப்போவது, மண்ணுக்குள் போய் உயிரோடு திரும்பிக் காட்டுகிறேன் என்று கூட்டம் கூட்டியவர்களைப் பற்றி.

இதில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட பழைய சம்பவம் நம் துணைக்கண்டத்தில் நடந்தது. 1837, லாகூர். மகாராஜா ரஞ்சித் சிங்கின் ஆட்சி. ஹரிதாஸ் என்ற சாது, 40 நாள் புதைந்திருந்து மீண்டு வருவதாகச் சொன்னார். மூக்கையும் காதையும் மெழுகும் பஞ்சும் வைத்து அடைத்து, அவரை ஒரு துணிப்பைக்குள் வைத்துக் கட்டி, மகாராஜாவின் முத்திரை போட்டார்கள். அந்தப் பையை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, தோட்டத்து மண்டபம் ஒன்றில் தரைக்குக் கீழே இருந்த அறையில் இறக்கினார்கள். கதவுகளை அடைத்துக் காவலும் போட்டார்கள். 40 நாள் கழித்துத் திறந்தபோது உடல் விறைத்து, நாடி தெரியாமல் இருந்தது. வெந்நீர் ஊற்றி, தலையில் சூடான கோதுமை அடையை வைத்து, உள்ளே மடங்கியிருந்த நாக்கை வெளியே இழுத்து, நெய் தடவித் தேய்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கண் விழித்துப் பேசினார். கூட இருந்து பார்த்த ஆங்கிலேய அதிகாரி கிளாட் வேட் இதை எழுதி வைத்தார். ஹிப்னாடிசத்தை ஆராய்ந்த மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு, 1850-இல் இதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார்.

ஆனால் கதையின் இன்னொரு பாதியையும் படிக்க வேண்டும். 1838-இல் ஆஸ்பர்ன் என்ற ஆங்கிலேய அதிகாரி லாகூர் வந்தார். "எங்கள் பூட்டு, எங்கள் சாவி, எங்கள் காவல். இந்த ஏற்பாட்டில் இருந்து காட்டுங்கள்" என்றார். முதலில் சம்மதித்த சாது, அப்புறம் பின்வாங்கிவிட்டார். வகுப்பில் சோதனை என்ற சொல்லுக்கு நான் சொல்லித்தந்த பொருள் ஞாபகம் இருக்கிறதா? வேறொருவர், வேறொரு கருவியோடு திரும்பச் செய்தாலும் அதே விடை வர வேண்டும். ஹரிதாஸ் விஷயத்தில் அது நடக்கவேயில்லை. தண்ணீர் இல்லாமல் 40 நாள் என்பதும் நமக்குத் தெரிந்த உடலியலுக்குப் பொருந்தவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் மருத்துவர்களே இதைச் சோதித்தார்கள். டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பி.கே. ஆனந்தும் அவருடன் வேலை செய்தவர்களும் ராமானந்த் என்ற யோகியைக் காற்றுப் புகாத பெட்டியில் உட்கார வைத்து அளந்தார்கள். 1961-இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரணமாக ஓய்வில் இருக்கும்போது தேவைப்படும் ஆக்ஸிஜனைவிடக் குறைவாகவே அவர் எடுத்துக்கொண்டார். ஆக, பயிற்சியால் மூச்சின் தேவையைக் குறைக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அங்கே அவர் மேல் ஒரு கூடை மண்கூட இல்லை. பக்கத்திலேயே டாக்டர்கள் இருந்தார்கள்.

இப்போது ஒரு கணக்கு. பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள பெட்டி. 24 கன அடி. லிட்டரில் சுமார் 680. உள்ளே படுத்திருப்பவர் உடம்பு 65 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். மீதிக் காற்று 615 லிட்டர். அசையாமல் படுத்திருக்கும் மனிதர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். இரண்டரை மணி நேரத்தில் 30 லிட்டர், அதாவது பெட்டிக் காற்றில் 5 சதவீதம். தலைவலி, மூச்சிரைப்பு வந்துவிடும். 5 மணி நேரத்தில் 10 சதவீதம். நினைவு தப்பும். அப்போதும் பெட்டிக்குள் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கும்! ஆக்ஸிஜன் தீருவதற்கு முன்பே, நாம் விட்ட மூச்சே நம்மைச் சாய்த்துவிடும். பயந்து வேகமாக மூச்சு விட்டால் இந்த நேரம் பாதியாகிவிடும்.

இன்னொரு கணக்கு மண்ணின் எடை. ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன். மேலே சொன்ன பெட்டி மேல் 3 அடி மண் போட்டாலே ஒன்றரை டன்னுக்கு மேல் வந்துவிடும். நனைந்த மண் என்றால் இன்னும் அதிகம்.

இந்த இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பாருங்கள்.

1926-இல் ரஹ்மான் பே என்பவர் நியூயார்க்கில் மூடிய பெட்டிக்குள் தண்ணீருக்கடியில் ஒரு மணி நேரம் இருந்து, தெய்வ சக்தி என்றார். மாயவித்தைக்காரர் ஹூடினிக்கு அது பொறுக்கவில்லை. ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஷெல்டன் ஓட்டல் நீச்சல் குளத்தில் அதேபோன்ற பெட்டியில் 91 நிமிடம் இருந்து காட்டினார். சக்தியும் இல்லை, மந்திரமும் இல்லை, பதறாமல் மெதுவாக மூச்சு விட்டேன், அவ்வளவுதான் என்றார். அதோடு நிற்காமல், சுரங்கத்தில் சிக்கிய தொழிலாளிக்கு இது உதவும் என்று அமெரிக்கச் சுரங்கத் துறை விஞ்ஞானி ஒருவருக்கு எழுதியும் அனுப்பினார். வித்தைக்காரர் செய்த வாத்தியார் வேலை அது. அதே ஆண்டு அக்டோபர் 31-இல் வயிற்று நோயால் அவர் இறந்தார்.

1930-களின் பஞ்ச காலத்தில் அமெரிக்காவில் இது பிழைப்பாகவே மாறியது. கார் விற்பவர்களும் பெட்ரோல் பங்க்காரர்களும் திறந்தவெளி சினிமாக்காரர்களும் கூட்டம் சேர்க்க ஆளைக் கூலிக்குப் புதைத்தார்கள். ஒரு குழாய் வழியே காற்று, சாப்பாடு. இன்னொரு குழாய் வழியே ஜனங்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

1968-இல் லண்டன் கில்பர்னில் மைக் மீனி என்ற அயர்லாந்துக் கட்டடத் தொழிலாளி 61 நாள் சவப்பெட்டியில் கிடந்தார். காற்றும் சாப்பாடும் குழாயில் போயின, உள்ளே டெலிபோனும் இருந்தது. வெளியே வந்த அன்று ஊரே திரண்டது. ஆனால் கின்னஸ் அங்கீகாரம் கிடைக்கவில்லை, எதிர்பார்த்த பணமும் கைக்கு வரவில்லை. அதே ஆண்டு ஒரு பெண்மணி 101 நாள் இருந்து அவருடைய சாதனையையும் தாண்டிவிட்டார்.

1990 அக்டோபர் 31, ஹூடினியின் நினைவு நாள். கலிஃபோர்னியாவில் ஜோ பரஸ் என்ற வித்தைக்காரர் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் சேர்த்துச் செய்த பெட்டிக்குள் படுத்தார். மேலே மண்ணும் ஈரச் சிமெண்டுமாகச் சில டன்கள் கொட்டினார்கள். பெட்டி நொறுங்கியது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார்.

2012 மார்ச் 3. இலங்கை, திருகோணமலை மாவட்டம் கந்தளாய். 24 வயது இளைஞர் உலக சாதனை செய்வதாகச் சொல்லி 10 அடிக் குழியில் இறங்கினார். குடும்பத்தாரும் நண்பர்களும்தான் பலகை போட்டு மண்ணை மூடினார்கள். காலை ஒன்பதரைக்கு மூடி மாலை 4 மணிக்குத் திறந்தார்கள். ஆறரை மணி நேரம். நினைவில்லாமல் தூக்கினார்கள், ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்றார்கள். அதற்கு முன்பும் அவர் இப்படிச் செய்து பிழைத்திருக்கிறார். முன்பு பிழைத்ததுதான் அடுத்த முறைக்குத் தைரியம் கொடுக்கிறது. மேலே உள்ள கணக்கு அந்தத் தைரியத்தைக் கேட்டு மாறுவதில்லை.

நம் ஊத்தங்கரைப் பக்கத்துக்கு வருகிறேன். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1970-களில் ஊருக்கு ஊர் சைக்கிள்காரர் வருவார். ஊர் மந்தையில் ஒரு கம்பம் நட்டு, அதைச் சுற்றி ராப்பகலாக ஏழு நாள் கீழே இறங்காமல் சைக்கிள் ஓட்டுவார். குளிப்பது, சாப்பிடுவது, சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. ராத்திரியில் மைக் செட் பாட்டு, ரெக்கார்டு டான்ஸ், நெஞ்சில் ட்யூப்லைட் உடைப்பது. கடைசி நாளில் ஆளைக் குழியில் இறக்கி மண் போட்டு மூடுவார்கள். மைக்கில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அறிவிப்பு ஓடும். ஊர்ப் பெரியவர்கள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டை அவர் சட்டையில் குத்துவார்கள்.

நான் எட்டாவது படிக்கும்போது அப்படி ஒரு குழியைப் பார்த்தேன். பையன்கள் எல்லோரும் குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மனைவி மட்டும் இடுப்பில் குழந்தையோடு தட்டு ஏந்திக் கூட்டத்தைச் சுற்றி வந்தார். குழிப் பக்கம் திரும்பவே இல்லை. அந்தத் தட்டில் விழும் சில்லறைதான் அந்த வாரத்து அரிசி என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை. டிவி வந்ததும் அவர்கள் வருவது நின்றுபோனது. எந்த ஊர், என்ன பேர், எத்தனை பேர் குழியிலிருந்து எழுந்திருக்காமல் போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஹரிதாசுக்கு எழுத வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். இவர்களுக்கு யார் இருந்தார்கள்?

கடைசியாக, வித்தைக்காக இல்லாமல் மண்ணுக்குள் சிக்கியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2023 நவம்பர் 12-இல் உத்தரகாண்ட் சில்க்யாரா சுரங்கப் பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டினார்கள். 17 நாள். காற்றும் பொரியும் முதலில் ஒரு சின்னக் குழாயில் போயின, பிறகு 6 அங்குலக் குழாய் செருகி சூடான சாப்பாடு அனுப்பினார்கள். கடைசி மீட்டர்களை எலி வளைச் சுரங்கத் தொழிலாளர்கள் கையாலேயே தோண்டி முடித்தார்கள். 41 பேரும் உயிரோடு வந்தார்கள். ஒரு குழாயும், வெளியே பொறுப்பான ஆட்களும் இருந்ததால் பிழைத்தார்கள்.

நம் பக்கத்தில் கிணறு வெட்டுபவர்களும், குழாய் பதிக்கக் குழி தோண்டுபவர்களும் உண்டு. என் மாணவர்களில் காண்ட்ராக்டர் ஆனவர்களும் உண்டு. உங்களுக்குத்தான் சொல்கிறேன்: ஆள் உயரத்துக்கு மேல் குழி வெட்டினால் பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்காதீர்கள். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்காதீர்கள். மார்பு வரை மண் மூடினாலே போதும், தலை வெளியே இருந்தாலும் மூச்சு இழுக்க முடியாது.

ரீல்ஸ் பார்க்கும் பிள்ளைகளை அதட்டாதீர்கள், பலன் இருக்காது. மேலே உள்ள 615 லிட்டர் கணக்கை அவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஊருக்கு வந்த சைக்கிள்காரர்களைப் பற்றி அப்பா, தாத்தாவிடம் கேட்டு, எந்த வருஷம், எந்த மந்தை என்று கீழே எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் தொகுத்து வைக்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.