நன்றிக்குப் பின் நடுவுநிலைமை

திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் 11-ஆம் அதிகாரம். நடுவுநிலைமை 12-ஆம் அதிகாரம். இந்த வரிசைக்குப் பரிமேலழகர் சொல்லும் காரணத்தை வகுப்பறையில் நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். உதவியவர் செய்த நன்றியை நினைக்கும் இடத்தில் நடுவுநிலைமை சிதையக்கூடும். அங்கும் அது சிதையலாகாது என்பதற்காகவே பின்னே வைக்கப்பட்டது என்கிறார் அவர்.

செம்பரம்பாக்கத்துப் பிள்ளைக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. பூந்தமல்லிப் பேருந்தில் நாள்தோறும் இடம் பிடித்துத் தந்த தோழன், தேர்வறையில் விடைத்தாளைக் காட்டு என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மறுத்தால் நன்றிகெட்டவன் ஆகிவிடுவோமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். செஞ்சோற்றுக்கடன் என்னும் சொல்லோடு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! கம்பனின் கும்பகர்ணன், அண்ணன் இராவணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொன்னான். சொல்லிவிட்டு அவனுக்காகவே போருக்கும் போனான். அவனை மாவீரன் என்று மட்டும் கற்பிப்பது போதாது என்பது என் துணிபு.

அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மோனிகா பார்ட்லெட், டேவிட் டிஸ்டெனோ இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படும். பழுதான கணினியை ஒருவர் சரிசெய்து தருகிறார். உதவி பெற்றவர், பிறகு வந்த முன்பின் அறியாத ஒருவருக்கும் கூடுதலாக உழைத்துக் கொடுத்தார். ஆனால், அந்த நன்றி இன்னாருக்கு உரியது என்று நினைவூட்டியதும் அயலாருக்கான அந்தக் கூடுதல் பரிவு மறைந்தது. நன்றி ஒரு முகத்தோடு கட்டுண்டதும் சுருங்கிவிடுகிறது.

செம்பரம்பாக்கம் ஏரிக்கு வருவோம். நிறைந்தால் 24 அடி. 3,645 மில்லியன் கன அடி. அதன் கரைக்கு மண் சுமந்தவர்களைப் பெயர் சொல்லிக் கும்பிட வழியில்லை. முகமில்லாத அந்தக் கடனை முகம் தெரியாதவர்களுக்குத்தான் தீர்க்க வேண்டும். 2015 டிசம்பரில் இவ்வேரியின் உபரிநீரும் சேர்ந்து அடையாறு பெருகியபோது, ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் வீட்டுக்குள் வெள்ளம் கண்டவர்கள் அப்படிப்பட்டவர்கள்.

மதகை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, யாருக்கு முன்கூட்டிச் சொல்வது என்று எட்டாம் வகுப்பில் ஒருநாள் வாதிடச் செய்யுங்கள். ஏரிக்கரைப் பிள்ளை கரைக்காகப் பேசட்டும். பேசி முடித்ததும், ஜாபர்கான்பேட்டைப் பிள்ளையாக அவனையே மறுபடி எழுந்து பேசச் சொல்லுங்கள்.